கோளாறு எண்ணில் ரகசியம் எதற்கு?

பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்கு மோட்டார் காரைப் பற்றி என்ன தெரியும் என்று பெரியோர் கேட்கலாம். பள்ளி வேன் நடுவழியில் நின்றுவிட்டால் தேர்வுக்குத் தாமதமாக ஓடி வருவது நாங்கள்தானே!

இன்றைய கார்களுக்குள் கணிப்பொறி இருக்கிறது. எஞ்சினில் கோளாறு தோன்றினால் அது ஓர் எண்ணாகப் பதிந்து, ஓட்டுநரின் முன்னே சிறு விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி அந்த எண்ணைப் படிக்கிறார்.

முன்பு கம்பெனிக்குக் கம்பெனி சாக்கெட்டும் வேறு, எண்களும் வேறு. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் சாக்கெட்டும் பொதுவான எண்களும் கட்டாயமாயின. நம் நாட்டிலும் 2013 ஏப்ரல் முதல் இம்முறை வந்தது. பி0301 என்றால் எந்தக் காரிலும் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்றே பொருள். காற்று மாசுபடுவதைத் தடுக்க வந்த விதி மெக்கானிக்கின் சுமையையும் குறைத்தது!

ஆனால் முழுவதும் குறையவில்லை. பி என்ற எழுத்தை அடுத்து 0 வராமல் 1 வந்தால், அது கம்பெனியின் சொந்த எண். ஒரு காரில் அதற்கு ஒரு பொருள், மற்றொரு காரில் வேறு பொருள். பிரேக், ஏர்பேக் சம்பந்தமான எண்களையோ விலை குறைந்த ஸ்கேனர்கள் பலவற்றால் படிக்கவே முடிவதில்லை. உயிரைக் காக்கும் பாகங்கள் அல்லவா இவை? கைத்திறன் மிக்க மெக்கானிக்கும் "கம்பெனிக்கே கொண்டு போங்கள்" என்று சொல்ல வேண்டியதாகிறது. அங்கே கேட்ட பணத்தைக் கொடுப்பவர் நம் பெற்றோர்.

உதிரி பாகங்களையும் பழுது அறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் பல மேல்முறையீடு செய்தன. எனவே இது எங்கள் கற்பனைக் குறையன்று.

புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தனி எண் வேண்டும் என்பர். இருக்கட்டும். எண்ணைத் தனியாக வைத்துக்கொள்ளட்டும். பொருளை ஏன் மறைக்க வேண்டும்? டயரைப் பாருங்கள். எந்தக் கம்பெனி செய்தாலும் பக்கவாட்டில் அளவைப் பொது முறையில் எழுதுகிறார்கள். அதனால் டயர்த் தொழில் நசித்துப் போயிற்றா என்ன?

காருடன் கொடுக்கும் கையேட்டிலேயே சொந்த எண்களின் பொருளையும் அச்சிட வேண்டும் என்று சட்டம் செய்யலாம். சில பக்கங்கள் கூடுவதால் காரின் விலை ஏறிவிடாது.