கழற்றுவதற்கு முன் காட்டுங்கள், பார்த்துச் சொன்னதற்குக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள்
வாகனப் பட்டறைகளின் உதிரிபாகப் பரிந்துரைகள் குறித்த எங்கள் நிலைப்பாடு

பட்டறையில் ஒரு பொருளை மாற்றச் சொல்கிறார்கள். அது உண்மையிலேயே மாற்ற வேண்டியதா, இல்லை பில்லை ஏற்றுவதற்கா? பத்து காஜா வட்டாரப் பயனீட்டாளர்களுக்காக இயங்கும் எங்கள் குழு இந்தக் கேள்விக்குத் தன் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறது. மாற்ற வேண்டிய காரணத்தை, பொருள் இன்னும் வண்டியில் இருக்கும்போதே போர்மன் காட்ட வேண்டும். அப்படிப் பார்த்துச் சொல்லும் வேலைக்கு வாடிக்கையாளர் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். இரண்டாவது பாதி பலருக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் அது இல்லாமல் முதல் பாதி நடக்காது என்று உறுதியாக நம்புகிறோம்.

தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான்களில் குடியேறிய குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரம் இல்லை. ஈப்போ பெரிய மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால் வீட்டில் நிற்கும் பழைய சாகாவோ கஞ்சிலோதான் கைகொடுக்கிறது. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவது ஓய்வுபெற்ற அப்பாவோ அம்மாவோதான். “ஐயா, இதையும் சேர்த்து மாத்திடுங்க, பிறகு தொல்லை இருக்காது” என்று போர்மன் சொன்னால் அவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தப் பேச்சு நேர்மையானதாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவர்கள் கையில் எதுவுமே இல்லை என்பதுதான் எங்கள் கவலை.

ஏமாற்று எங்கே பிறக்கிறது என்பதற்கு உலகம் அறிந்த ஒரு வழக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில வாகனப் பழுதுபார்ப்புத் துறை, சியர்ஸ் நிறுவனத்தின் பட்டறைகளுக்குச் சாதாரண வாடிக்கையாளர் போல ஆள் அனுப்பியது. கார்களில் பிரேக் தேய்ந்திருந்தது, மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருந்தது. 38 முறை அனுப்பியதில் 34 முறை தேவையில்லாத வேலை பில்லில் ஏறியது. 1992இல் இது வெளியானபோது காரணமும் தெரிய வந்தது. எவ்வளவு பொருள் விற்கிறார்களோ அதற்கேற்ப கமிஷன், அதோடு இத்தனை விற்றே ஆக வேண்டும் என்ற இலக்கு. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் வைக்கப்பட்டவர்கள் விற்றார்கள். பின்னர் அந்த நிறுவனமே கமிஷன் முறையை எடுத்துவிட்டது.

நம் ஊர்ப் பட்டறைகளில் கமிஷன் இல்லாவிட்டாலும் அதே அழுத்தம் உண்டு. “சும்மா பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்கிறோம். அரை மணி நேரம் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கீழே படுத்துப் பார்த்தவருக்கு ஒரு காசும் தருவதில்லை. அந்த உழைப்புக்கான கூலியை அவர் எங்கிருந்து எடுப்பார்? பொருள் விற்கும் லாபத்திலிருந்துதான். “ஒன்றும் மாற்ற வேண்டாம்” என்று உண்மை சொல்பவர் அன்றைக்கு வெறுங்கையோடு வீடு போகிறார். நேர்மையானவரை நட்டப்படுத்தும் இந்தப் பழக்கத்தை வளர்த்தது நாம்தான். அதனால் பரிசோதனைக் கட்டணத்தைப் பலகையில் எழுதி வையுங்கள் என்று பட்டறைகளையும், அதை முணுமுணுக்காமல் கொடுங்கள் என்று வாடிக்கையாளர்களையும் கேட்கிறோம். பிறகு அதே பட்டறையில் வேலை செய்தால் அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொள்வது அவரவர் விருப்பம்.

காட்டுவது என்றால் என்ன? பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். புது பேடின் உராய்வுப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றும் நேரம் என்பது தொழிலில் பொதுவான கணக்கு. டிஸ்க்கின் விளிம்பையோ நடுப்பகுதியையோ துடைத்துப் பார்த்தால், அது எந்த அளவுக்குக் கீழே தேயக் கூடாது என்ற குறைந்தபட்சத் தடிமனைப் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருப்பார்கள். போர்மன் காலிப்பரை வைத்து அளந்து, அந்த எண்ணையும் பொறித்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. பால் ஜாயின்ட், டை ராட் என்றால் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள், ஆட்டம் கையிலேயே தெரியும். பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் வண்டி ஓடாத நேரத்தில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் ஏறவில்லை என்றால் சந்தேகம் பேட்டரி மேல் இல்லை, ஆல்டர்னேட்டர் மேல். நம் ஊரிலேயே கேடிஎம் ரயில் பராமரிப்புப் பணிமனை இருக்கிறது. ரயில் சக்கரத்தை யாரும் கண்ணால் பார்த்து “போச்சு” என்று சொல்லி மாற்றுவதில்லை, தேய்மானத்தை அளந்துதான் முடிவு செய்கிறார்கள். அந்த ஒழுங்கைக் காருக்கும் கேட்பதில் தவறில்லை.

எல்லாவற்றையும் இப்படிக் காட்ட முடியாது. டைமிங் பெல்ட் பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே அறுந்து, வால்வுகளை வளைத்து, இஞ்சினையே பாழாக்கிவிடக்கூடும். அதனால் அதைத் தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டர் கணக்கில் மாற்றிவிட வேண்டும். பெல்ட்டோடு டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டாம். பல இஞ்சின்களில் அவற்றை எட்ட அதே பாகங்களைத்தான் மறுபடியும் பிரிக்க வேண்டும், கூலி இரண்டு முறை ஆகும். பில் நீளமாக இருப்பதாலேயே அது பொய் பில் ஆகிவிடாது. இங்கே சான்று சர்வீஸ் புத்தகம்தான், அதைப் பத்திரமாக வைத்திருப்பது வண்டிக்காரரின் பொறுப்பு. ஆனால் மைவி வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றியதாகப் பில் வந்தால் கட்டாயம் கேளுங்கள். மைவியில் இருப்பது செயின்.

பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்குவது நல்ல பழக்கம். ஆனால் அது மட்டும் போதாது, மூலையில் கிடக்கும் வேறு வண்டியின் தேய்ந்த பேடை எடுத்துக் கையில் கொடுத்தால் நமக்கு எப்படித் தெரியும்? கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். போடப்போவது ஒரிஜினலா, ஓஇஎம்மா, ஹாஃப் கட் வண்டியிலிருந்து எடுத்ததா என்பதையும் விலையோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஹாஃப் கட் பொருள் போடுவது குற்றமில்லை. அதைப் புதுசு என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றில் எதிலாவது குறை இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த வண்டி சாலைக்கு உரியதல்ல. இஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கழுவுதல் போன்றவை காத்திருக்கும். அவற்றுக்கு பூசிங்கிலோ ஈப்போவிலோ இன்னொரு போர்மனிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். “இன்றே செய்யாவிட்டால் ஆபத்து” என்று சொல்லிவிட்டு, ஆபத்து எங்கே என்று காட்ட மறுப்பவரிடம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, ஒரு பொருளோ சேவையோ தேவை என்று பொய்யாகச் சொல்வதைத் தடை செய்கிறது. வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், முன்கூட்டி விலை பேசாத இடத்தில் நியாயமான விலைதான் கேட்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. பட்டறைகள் தர வேண்டிய தகவல்களுக்கென்றே 2002இல் விதிமுறைகள் வந்தன. தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை, வழக்கறிஞர் இல்லாமலே, மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கலாம். வாட்ஸ்அப்பில் பட்டறையின் பெயரைப் போட்டுத் திட்டுவதை எங்கள் குழு ஆதரிக்கவில்லை. அளந்த எண்ணும் படமும் பில்லும் இல்லாத குற்றச்சாட்டு, நேர்மையான ஒருவரின் பிழைப்பையும் கெடுத்துவிடும்.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புகார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கலிஃபோர்னியா செய்ததுபோல, ஒரே ஒரு குறை உள்ள காரைத் தயார் செய்து, மற்ற பாகங்களில் ரகசிய அடையாளமிட்டு, பேராக்கின் பெரிய சர்வீஸ் மையங்களுக்கும் சிறிய பட்டறைகளுக்கும் ஒரே அளவுகோலில் அனுப்ப வேண்டும். முடிவுகளைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வெளியிட வேண்டும். தேறாதவர்களின் பட்டியலோடு, குறையைச் சரியாகக் கண்டுபிடித்து அதை மட்டும் சரிசெய்த பட்டறைகளின் பட்டியலும் அதில் இடம்பெற வேண்டும்.