மாத்திரையை விட்டவரிடம் எப்படிப் பேசுவது?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பெரும்பகுதி வேலை நோயாளியின் தலையில்தான். உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் காலையும் இரவும் போட வேண்டும். பிரஷர், சர்க்கரை, எடை பார்க்க வேண்டும். லேசான காய்ச்சலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பம்ப்ளிமாஸ் பழம்கூட மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மாற்றிய சிறுநீரகம் இயங்கும் காலம்வரை இதற்கெல்லாம் விடுமுறை கிடையாது.

பலரால் முடிவதில்லை. சிறுநீரகம் பெற்றவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 36 பேர் நிராகரிப்புத் தடுப்பு மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்வதில்லை என்று 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. கனடாவின் எட்மன்டன் ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்விலோ, நிராகரிப்பால் சிறுநீரகத்தை இழந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்கள்.

இவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். ஸ்டீராய்டால் முகம் உப்பிய கல்லூரி மாணவிக்குக் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காது. டாக்ரோலிமஸால் கை நடுங்கும் தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்க வராது. உடம்பு தேறிய பிறகு ‘ஒருவேளை விட்டால் என்ன’ என்று தோன்றுவதும் இயல்பு. ஓ.பி.யில் இவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் திட்டுதான்: “அம்மா குடுத்த கிட்னியை வீணாக்கப் போறியா?” இந்தியாவில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். தாய் கொடுத்தது, மனைவி கொடுத்தது என்ற குற்ற உணர்வு நோயாளிக்கு ஏற்கெனவே உண்டு. அதைக் குத்திக் கிளறினால் அவர் மறைக்கக் கற்றுக்கொள்வார். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டுவிட்டு வந்தால், ரிப்போர்ட்டும் நன்றாகவே இருக்கும்.

திட்டுக்கு மாற்றாக ஒரு வழி உண்டு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடியிலிருந்து மீள முடியாதவர்களுக்காக 1983-இல் எழுதிவைத்த முறை ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’. பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்குடன் சேர்ந்து அதை விரிவாக்கினார். மாறுவதற்கான காரணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவைப்பதுதான் அதன் சாரம். ஒரு செவிலியர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அண்ணே, ராத்திரி மாத்திரையை விடாம போடுவேன்கிற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?” “அஞ்சு, சிஸ்டர்.” “ஏன், ரெண்டு போடலையே?” இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ‘ஏன் பத்து இல்லை’ என்று கேட்டால் சாக்குகள் வரும். ‘ஏன் ரெண்டு இல்லை’ என்று கேட்டால், “பொண்ணு பிளஸ் டூ படிக்குது, திரும்ப டயாலிசிஸ் மெஷின்ல போய்ப் படுக்க முடியாது” என்று அவரே சொல்வார். இரவு ஷிப்டில் எட்டு மணி மாத்திரை தவறிப்போகிறது என்பதும் அப்போது வெளியே வரும். நேரத்தை மாற்றிக்கொடுக்க மருத்துவரால் முடியும், விஷயம் தெரிந்தால்.

இதை மந்திரக்கோலாக்கிவிடக் கூடாது. சிறுநீரக மாற்று நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. மருந்து கைக்குக் கிடைக்காதவரிடம் எவ்வளவு கனிவாகப் பேசியும் பயனில்லை. மறதிதான் காரணம் என்றால், பல் துலக்கும் இடத்தில் மாத்திரைப் பெட்டியை வைப்பது போன்ற வழக்க மாற்றமே அதிகம் உதவும். ஆனால் காரணம் மறதியா, பணமா, முக வீக்கமா என்பதே திட்டும் இடத்தில் தெரியவராது.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. இன்று தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமே அந்த அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறது. பின்னால் நடக்க வேண்டிய பேச்சுக்குத்தான் நேரமும் இல்லை, ஆளும் இல்லை. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் வந்த திருத்தப்படி, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இல்லாத மருத்துவமனை பதிவே பெற முடியாது. ஆனால் இந்த ஒருங்கிணைப்பாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி தானம் வாங்குவதிலும் கோப்புகளிலும் கரைகிறது. அவர்களுக்கும் ஓ.பி. செவிலியர்களுக்கும் இந்த உரையாடல் பயிற்சியைத் தந்து, கூட்டத்துக்கு நடுவே இல்லாமல் தனி அறையில் கால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். அதைச் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கில் எழுத வேண்டும். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் பதின்வயதினரிடம் இதைத் தொடங்கலாம். மாற்றுச் சிறுநீரகம் பறிபோகும் அபாயம் மிக அதிகமாக இருப்பது அந்த வயதில்தான்.