சார்ஜரைச் சொருகினால் ரேடியோ ஏன் இரைகிறது?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். செங்குன்றம் வரை எஃப்.எம். கணீரென்று கேட்கும். சோழவரம், காரனோடை தாண்டிப் புதுவாயல் வருவதற்குள் பாட்டோடு சேர்ந்து "ஸ்ஸ்ஸ்..." என்று ஒரு இரைச்சல். கவரைப்பேட்டையில் பாட்டு போய்விடும், இரைச்சல் மட்டும் மிஞ்சும். "ஊரைத் தாண்டியாச்சு, சிக்னல் இல்ல" என்று ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

அணைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். லைட்டர் சாக்கெட்டில் சொருகியிருக்கும் செல்போன் சார்ஜரைப் பிடுங்குங்கள். பல வண்டிகளில் பாட்டு திரும்பி வந்துவிடும்! சிக்னல் குறைந்தது உண்மைதான். ஆனால் மிச்சமிருந்த சிக்னலையும் அமுக்கியது பக்கத்திலேயே இருந்த அந்தச் சின்னப் பெட்டி.

காரின் பேட்டரி 12 வோல்ட், லாரிக்கு 24. போனுக்கு வேண்டியது 5 வோல்ட். இதைக் குறைக்க சார்ஜருக்குள் இருக்கும் சில்லு, மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை, சிலவற்றில் பல லட்சம் முறை, போட்டுப் போட்டு அணைக்கிறது. ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் சட்டென்று மாறுவதால் அந்த அதிர்வெண்ணின் மடங்குகளிலும் சத்தம் கிளம்பும். நொடிக்கு 1,20,000 முறை இயங்கும் சார்ஜர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 120 கிலோஹெர்ட்ஸ். அதன் ஆறாவது மடங்கு 720. சென்னை வானொலியின் மத்திய அலை இருப்பதும் அதே 720 கிலோஹெர்ட்ஸில்தான்! எஃப்.எம். அலைவரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை என்பதால் அங்கே போய்ச் சேரும் மடங்குகள் வலு குறைந்தவைதான். ஆனால் ஆன்டெனா சில அடி தூரத்திலும், நிலையம் முப்பது நாற்பது கிலோமீட்டர் தூரத்திலும் இருந்தால் யார் ஜெயிப்பார்கள்? சார்ஜ் ஒயரும் சும்மா இருப்பதில்லை, அதுவே ஒரு ஆன்டெனா ஆகிவிடுகிறது. கண்ணாடி ஓரமாக ஒயர் இழுத்து மாட்டிய டேஷ்கேமரா, விலை குறைந்த எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் இதே வகையறா. (பாவம், சிலர் ஃபாஸ்டேக் மேல் பழி போடுகிறார்கள். அந்த ஸ்டிக்கருக்கு பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. சுங்கச்சாவடிக் கருவி கூப்பிட்டால்தான் அது பதிலே சொல்லும்.)

கண்டுபிடிப்பது சுலபம். என்ஜினை அணைத்து, சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி, தூரத்து நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது இரைச்சல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இரைச்சலின் சுருதியும் ஏறினால் அது வேறு கதை, ஆல்டர்னேட்டரையோ ஸ்பார்க் பிளக் பக்கத்தையோ பார்க்க வேண்டும். குற்றவாளி சார்ஜர் என்றால் ஒயரில் கவ்விக்கொள்ளும் ஃபெரைட் வளையம் ஒன்றை, சார்ஜரை ஒட்டினாற்போல் மாட்டலாம். வளையத்துக்குள் ஒயரை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் பலன் கூடும். டேஷ்கேமரா ஒயரை ஆன்டெனா ஒயர் போகாத பக்கமாக மாற்றலாம். ஆன்டெனா அடிப்பகுதியில் துரு ஏறியிருந்தால் சுரண்டி இறுக்க வேண்டும். இத்தனைக்கும் மசியவில்லை என்றால் சார்ஜரையே மாற்றுவதுதான் வழி. இதெல்லாம் தெரியாமல் "செட்டு போச்சு" என்று ரேடியோவையே மாற்றிவிட்டு, புது செட்டிலும் அதே இரைச்சலைக் கேட்பவர்கள் உண்டு.

ஆனால் இந்த வேலையெல்லாம் வாங்கியவர் தலையில் ஏன் விழ வேண்டும்? சார்ஜருக்குள்ளேயே ஒரு சின்னச் சுருளும் இரண்டு கெபாசிட்டரும் வைத்தால் பெரும்பாலான இரைச்சல் அங்கேயே அடங்கிவிடும். செலவு சில ரூபாய்தான். தயாரிப்பாளர் அதை வைக்காததற்குக் காரணம், வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது என்பதுதான். தரத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் பழைய கார்கள்தான்! அந்த ஆராய்ச்சிக்காக 2001ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது.

விதிகளே இல்லையா என்றால், இருக்கின்றன. இந்தியாவில் வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ்.-004, சர்வதேச அளவில் ஐ.நா.வின் 10ஆம் எண் விதி. ஆனால் கம்பெனியிலிருந்து வெளிவரும் வண்டி பாஸாகிவிட்டது என்பதற்காக, அப்புறம் சாலையோரக் கடையில் வாங்கிச் சொருகுகிற பெட்டியும் பாஸானதாக ஆகாது. அமெரிக்காவிலும் வாகனத்தில் மட்டுமே பயன்படும் டிஜிட்டல் கருவிகளுக்கு எஃப்.சி.சி. விதிகளில் பெரும்பாலும் விலக்குதான். இந்த ஓட்டையை அடைக்க வேண்டும். இரைச்சல் சோதனையில் தேறாத கார் சார்ஜரை விற்கக்கூடாது என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியம் இல்லை.

பாட்டு கேட்க இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மின்சாரமும் போனது, செல்போன் கோபுரங்கள் பலவும் படுத்துவிட்டன. அந்த மாதிரி ராத்திரியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு லாரியில் மாட்டிக்கொண்டவருக்கு வண்டி பேட்டரிதான் துணை. அதில் போனுக்கும் சார்ஜ் ஏற வேண்டும், புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ரேடியோவிலும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று ஒரு மட்டமான சார்ஜர் தீர்மானிக்கிறது.

சட்டம் வரும் வரை காத்திருக்க முடியாதவர்கள், அடுத்த முறை சார்ஜர் வாங்கும்போது கடை வாசலிலேயே வண்டியில் சொருகி, தூரத்து நிலையம் ஒன்றை வைத்துக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.