டி.வி.எஸ்.ஸுக்குள் ஒரு ஊர் இருக்கிறது

பி.எம்.டபிள்யூ. என்றால் என்ன என்று எங்கள் பொடியளிடம் கேட்டுப் பாருங்கள், உடனே பதில் வரும்: பவேரிய மோட்டார் தொழிற்சாலைகள். வில்லரேக்குப் பக்கத்திலேயே லிட்டில் இத்தாலி இருப்பதால் ஃபியட்டும் சிலருக்குத் தெரியும். 1899இல் தொடங்கிய நிறுவனம். நான்காவது எழுத்து தூரின் நகரம். சரி, டி.வி.எஸ்.? யாழ்ப்பாணத்துக்குப் போனால் சித்தியின் ஸ்கூட்டியில் தினமும் பார்க்கும் எழுத்துகள்தான். அங்கே சிலர் ரி.வி.எஸ். என்று எழுதுவார்கள்.

அது ஒரு மனிதரின் பெயர். திருக்குறுங்குடி வேங்கராம் சுந்தரம் ஐயங்கார். 1911இல் மதுரையில் தொழிலைத் தொடங்கி, பஸ் ஓட்டியவர். திருக்குறுங்குடி, திருநெல்வேலிப் பக்கத்து ஊர். முதலில் ஊர், கடைசியில் சொந்தப் பெயர். 'தி' என்று தொடங்கும் ஊர் 'டி' ஆனதற்குக் காரணம் ஆங்கில எழுத்து. தமிழில் சுருக்கியிருந்தால் தி.வே.சு. ஐயங்கார் என்ற சாதிப் பெயர் சுருக்கத்துக்குள் வரவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஃபோர்ட் என்பது குடும்பப் பெயர். தாத்தா, அப்பா, மகன் எல்லோருக்கும் ஒன்றே. டி.வி.எஸ். அப்படியல்ல. சுந்தரத்தின் மகன்கள் டி.எஸ். ராஜம், டி.எஸ். சந்தானம், டி.எஸ். சீனிவாசன், டி.எஸ். கிருஷ்ணா. ஊர் அப்படியே நிற்கிறது, 'வி' போய்விட்டது, அப்பாவின் 'எஸ்' முன்னால் வந்துவிட்டது. மகள் சௌந்தரம் மருத்துவர், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். கல்யாணத்துக்குப் பிறகும் அவருடைய பெயருக்கு முன்னால் டி.எஸ். இருந்தது. கியூபெக்கில் பெண்கள் பிறந்த பெயரையே வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1981இல்தான் வந்தது!

பேரப்பிள்ளைகள் காலத்தில் என்ன நடந்தது? சீனிவாசனின் மகன் வேணு சீனிவாசன், கிருஷ்ணாவின் மகன் சுரேஷ் கிருஷ்ணா. அப்பாவின் பெயர் பின்னால் போய்விட்டது. ஊர் எழுத்தையும் காணவில்லை. இது எங்கேயோ பார்த்த கதை மாதிரி இல்லையா? எங்கள் வீடுகளில் நடந்ததும் இதுதான். இங்கே படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். அதில் அப்பாவின் பெயரை எழுதினோம். அவருக்கு அது குடும்பப் பெயர் அல்ல, அம்மம்மா கூப்பிட்ட பெயர். இப்போது வகுப்பில் ஆசிரியர் என்னை அந்தப் பெயரால் கூப்பிடுகிறார். எனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் பெயருக்குப் பின்னாலும் அதுவே வரும். பெரியப்பாவின் பிள்ளைகளுக்கு வேறு குடும்பப் பெயர், எங்களுக்கு வேறு. "நீங்கள் சொந்தக்காரரா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டும்.

கட்டத்தை மாற்றச் சொல்லிப் போராட்டம் நடத்த நான் கூப்பிடவில்லை. வரிக்கும் வங்கிக்கும் ஒரே பெயர் வேண்டும், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் கட்டத்துக்கு வெளியே எழுதுகிற இடங்கள் நிறைய இருக்கின்றன: வரைந்த படத்தின் மூலை, பாட்டுக்கு வைக்கும் பெயர், தொடங்கப்போகும் சின்னக் கடை. அங்கெல்லாம் முதலெழுத்துகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்கிறேன். ஒரு பஸ் முதலாளியின் ஊர் நூறு வருடத்துக்கு மேல் வண்டிகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓட்டுகிறவர்களில் அநேகம் பேருக்குத் தெரியாமலே. உங்கள் ஊருக்கு என்ன குறை?

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். பழைய முறையில் அம்மாவுக்குப் பெரும்பாலும் எழுத்தே இல்லை. யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் பெண்ணுக்குச் சீதனமாக வருகிறவை. நாம் 'எங்கட ஊர்' என்று சொல்வது அநேகமாக அம்மாவின் ஊரைத்தான். அப்படியிருக்க எழுத்து மட்டும் ஏன் அப்பாவுக்கு? இரண்டு எழுத்தும் போடுங்கள். கியூபெக் சட்டமே பிள்ளைக்கு அம்மா, அப்பா இருவரின் குடும்பப் பெயரையும் சேர்த்து வைக்க விடுகிறது.

நான் என் எழுத்துகளை எழுதிப் பார்த்தேன். அம்மா அளவெட்டி, அப்பா சரசாலை. 'அ' முன்னால் வருவதா, 'ச' முன்னால் வருவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அகர வரிசைப்படி தனக்குத்தான் முதலிடம் என்கிறார் அம்மா.