இருமினால் எய்ட்ஸா?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவருக்குக் காசநோய், மாத்திரை தொடங்கி மூன்று மாதமாகிறது. "வெறும் காசமா இருக்காது. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்திருக்காங்க. அந்த நோய் இல்லாமலா எடுப்பாங்க?" தெருவே தலையாட்டியது. படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினார்கள்.

காசநோயாளி எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு, அது அரசு விதி. கர்ப்பிணிகளுக்கும்தான் எடுக்கிறார்கள். அப்படியானால் கர்ப்பமான உங்கள் மகளை எந்தத் தெருவுக்கு அனுப்பப்போகிறீர்கள்?

எழுத்தாளர் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தது 1948-இல், 42 வயதில். எச்.ஐ.வி. கிருமியை உலகம் கண்டதே 1983-இல்; இந்தியாவில், சென்னையில், 1986-இல். நம் நெல்லைச்சீமைக்காரருக்கு அது முன்கூட்டியே பார்சலில் வந்ததோ? தாம்பரம் காசநோய் சானடோரியம் 1928-இலேயே திறந்தாயிற்று. அங்கே படுத்துக் கிடந்தவர்களுக்கெல்லாம் எந்த எய்ட்ஸ்?

எச்.ஐ.வி.க்கும் காசத்துக்கும் உறவே இல்லை என்று சொல்லவில்லை. உடம்புக்குள் தூங்கும் காசக்கிருமி, எச்.ஐ.வி. இல்லாதவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு ஆயுளில் எப்போதாவது நோயாக மாறும். மருந்தெடுக்காத எச்.ஐ.வி. உள்ளவருக்கோ கிட்டத்தட்ட அதே ஆபத்து ஒவ்வோர் ஆண்டும். ஆனால் எதிர்ப்புச்சக்தி குன்றியவரின் நுரையீரலில் குழி விழுவது குறைவு, சளியில் கிருமியும் குறைவு. அதனால் அவர் பிறருக்குப் பரப்புவதும் பொதுவாகக் குறைவே. அவருக்குத் தொற்றுவது நம் இருமலிலிருந்து. யாரைப் பார்த்து யார் ஒதுங்க வேண்டும்?

பஸ்ஸில் வாயை மூடாமல் இருமுகிறோம், ஜன்னல் வழியே துப்புகிறோம். காற்றடித்தால் நூல் அறுமென்று தறிக்கூடத்தின் ஜன்னலை அடைத்து, பத்துப் பேரை உள்ளே நிறுத்துகிறோம். மாசக்கணக்கில் மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கிக் குடிக்கிறோம். இதையெல்லாம் எந்த வீட்டுக்காரரும் கேட்பதில்லை. புதுமைப்பித்தன் இன்று வாடகைக்கு வந்தால் அவரிடமும் ரத்த ரிப்போர்ட் கேட்பார்கள், அட்வான்ஸோடு சேர்த்து.

நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றாது என்று 1960-வாக்கிலேயே உலகத்துக்குச் சொன்னதே சென்னைதான். அந்தச் சேதி தென்காசி மாவட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும்.

இவ்வளவுக்கும் பிறகு, அந்தத் தறிக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக ஒருவருக்கு வாடகை வீட்டை மறுப்பது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி தடை செய்யப்பட்ட பாகுபாடு.