பேத்தைக்குப் பேர் வைக்கிறதால நமக்கு என்ன லாபம்?

1/ பவளப்பாறையில புதுசா ஒரு குட்டிப் பேத்தை மீன் இனத்தைக் கண்டுபிடிச்சாங்கன்னு செய்தி வந்தா நம்ம ஊர்ல ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, "இதனால நமக்கு என்ன?" இன்னொண்ணு, "அதைச் சாப்பிடலாமா?" ரெண்டாவது கேள்வி கேட்டவரைக் கேலி பண்ணாதீங்க. அதுதான் சரியான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லணும்னா அது என்ன மீன்னு யாராவது முதல்ல உட்கார்ந்து எழுதி வச்சிருக்கணும். ஒரு டாக்டரா நான் ஏன் இதுக்கு மெனக்கெட்டு எழுதுறேன்னு படிங்க. கொஞ்சம் நீளமான இழை.

2/ பேத்தை தெரியும்ல? ஆபத்துன்னா தண்ணியை விழுங்கிப் பந்து மாதிரி ஊதிக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு பல்லு, கிளி மூக்கு மாதிரி. 'நாலு பல்லன்'ங்கிற அர்த்தத்துலதான் டெட்ரடான்னு பேர் வச்சாங்க. அதுல இருந்து வந்ததுதான் அந்த விஷத்தோட பேரும்: டெட்ரோடோடாக்சின்.

3/ இந்த விஷம் மீனோட ஈரல், சினை, தோல்ல அதிகம். சில இனங்கள்ல சதையிலயும் உண்டு. கொதிக்க வச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது, கருவாடு போட்டாலும் போகாது. நம்ம நரம்புல சேதி ஓடணும்னா சோடியம் உள்ளே போற வாசல் திறக்கணும். இந்த விஷம் அந்த வாசல்ல போய் அடைப்பு மாதிரி உட்கார்ந்துக்கும்.

4/ சாப்பிட்டுப் பெரும்பாலும் 10 முதல் 45 நிமிஷத்துல உதடும் நாக்கும் மரத்துப் போகும். சிலருக்குச் சில மணி நேரம் கழிச்சும் ஆரம்பிக்கலாம். அப்புறம் வாந்தி, தள்ளாட்டம், கை கால் விழுந்துபோறது, கடைசியா மூச்சு. இதுல கொடுமை என்னன்னா, நிறையப் பேருக்கு நினைவு தப்பாது. கண்ணைத் திறக்க முடியாது, பேச முடியாது, ஆனா சுத்தி நின்னு சொந்தக்காரங்க அழுறது கேட்கும்.

5/ இதுக்கு மாற்றுமருந்து கிடையாது. ஆனா நேரத்துக்கு வந்து, மூச்சுக்கு வென்டிலேட்டர் கொடுத்தா, விஷம் ஒண்ணு ரெண்டு நாள்ல உடம்பை விட்டு இறங்கிடும். ஆளு பிழைச்சு நடந்தே வீட்டுக்குப் போகலாம். அதனாலதான் இந்த மீன் விஷயத்துல நேரம்தான் மருந்து.

6/ சரி, பேர் எங்க வருது? எல்லாப் பேத்தையும் ஒண்ணு இல்லை. லேகோசெஃபாலஸ் லூனாரிஸ்னு ஒண்ணு, அதோட சதையிலயே விஷம் உண்டு. அதுக்கு அச்சு அசலா லேகோசெஃபாலஸ் ஸ்பாடிசியஸ்னு ஒரு அண்ணன் தம்பி, அதுல விஷம் மிகக் குறைவு. வித்தியாசம் என்ன தெரியுமா? முதுகுல இருக்கிற பொடி முள்ளு எதுவரைக்கும் போகுதுங்கிறது. விஷ மீனுக்கு அது முதுகுத் துடுப்பு வரைக்கும் போகும், மத்ததுக்குப் போகாது. அவ்வளவுதான். தோலை உரிச்சுட்டா அந்த அடையாளமும் போச்சு. இனம் மாறிப்போய் விஷம் ஏறின சம்பவங்கள் கிழக்காசியாவுல பதிவாகி இருக்கு.

7/ பேர் வைக்கிற வேலைக்கும் விஷத்துக்கும் உள்ள உறவுக்கு ஒரு பழைய கதை. 1774 செப்டம்பர், நியூ கலிடோனியா. கேப்டன் குக் கப்பல்ல ஒரு புது மீன் வந்தது. கூட இருந்த இயற்கை ஆய்வாளர்கள், அப்பா மகன் ஃபார்ஸ்டர்கள், அதை வரைஞ்சு விவரம் எழுத உட்கார்ந்தாங்க. அது முடியவே நேரமாயிட்டதால முழு மீனைச் சமைக்கலை. ஈரலும் சினையும் மட்டும்தான் சமைச்சாங்க. இவங்க மூணு பேரும் கொஞ்சம் ருசி பார்த்ததோட சரி. நடுராத்திரி தாண்டி கை கால் மரத்துப் போச்சு. கையில இருக்கிறது தண்ணிப் பாத்திரமா இறகான்னு எடை தெரியலை. குடலைத் தின்ன பன்னி காலையில செத்துக் கிடந்தது.

8/ அந்த விவரிப்பு வழியாத்தான் 1789-ல ஒரு பேத்தைக்கு 'ஸ்கெலராட்டஸ்'னு பேர் வந்தது. லத்தீன்ல அர்த்தம், பாதகன். 2003-ல இதே பாதகன் சூயஸ் கால்வாய் வழியா மத்தியதரைக் கடலுக்குள்ள போய்த் துருக்கி பக்கம் பிடிபட்டான். அங்க உள்ள மீனவங்களுக்கு இது பழக்கமில்லாத மீன். 2005-ல இருந்து 2008-க்குள்ள இஸ்ரேல்ல மட்டும் 13 பேர் விஷம் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்ததா மருத்துவ இதழ்ல எழுதினாங்க. மீன் எதுன்னு உடனே சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம், 200 வருஷத்துக்கு முன்னாடி எவரோ உட்கார்ந்து எழுதி வச்சது.

9/ இப்போ பவளப்பாறைக் குட்டிப் பேத்தைக்கு வருவோம். கேந்திகாஸ்டர்ங்கிற பேரினம். கூர்மூக்கு, பெரும்பாலும் கைக்குள்ள அடங்குற அளவு. முப்பதுக்கும் மேல இனங்கள். துடுப்பு முள்ளை எண்ணினாலும் அளந்தாலும் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் கம்மி. நிறமும் புள்ளியும்தான் முக்கிய அடையாளம். அதுவும் ஃபார்மலின்ல போட்டா வெளுத்துப் போகும். அதனால உயிரோட இருக்கும்போதே போட்டோ, டிஎன்ஏ, ஒரு மாதிரி உடலை அருங்காட்சியகத்துல பத்திரமா வைக்கிறது, எல்லாம் வேணும்.

10/ எவ்வளவு கஷ்டம்னு பாருங்க. 1875-ல ஹவாய் மீன் ஒண்ணுக்குக் கேந்திகாஸ்டர் கொரோனேட்டான்னு பேர் வச்சாங்க. ஆப்பிரிக்காக் கரை, செங்கடல்ல இருந்த அதே மாதிரி மீனையும் அதுன்னே நினைச்சாங்க. 2008-லதான் ராண்டல், வில்லியம்ஸ், ரோச்சா மூணு பேரும் "இல்லை, இது வேற"ன்னு சயனோஸ்பிலோட்டா, அதாவது நீலப்புள்ளின்னு தனிப் பேர் கொடுத்தாங்க. 133 வருஷம் தப்பான பேர்ல திரிஞ்ச மீன்!

11/ கடல்லயே இதுல போலியும் உண்டு. ஒரு கேந்திகாஸ்டருக்கு அச்சு அசலா வேஷம் போட்டுத் திரியுற விஷமில்லாத கிளாத்தி இன மீன் இருக்கு. பெரிய மீனெல்லாம் அதையும் விஷம்னு நினைச்சு விட்டுடும். பவளப்பாறையிலயே பிறந்து வளர்ந்த மீனே ஏமாறுதுன்னா, மார்க்கெட்ல நிக்கிற நம்ம எம்மாத்திரம்?

12/ நம்ம பக்கமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையோட நன்னீர்க் குட்டிப் பேத்தை, ஒரு இஞ்ச் சொச்சம்தான். பம்பையாத்து மீனை வச்சு 1941-ல ஹோராவும் நாயரும் பேர் வச்சாங்க. மீன்தொட்டி வியாபாரத்துல உலகமெல்லாம் போச்சு. அந்த வியாபாரத்துல வந்த மீன்களைப் பார்த்து, 1999-ல "இதுல ரெண்டு இனம் கலந்திருக்கு"ன்னு கண்டுபிடிச்சாங்க. ரெண்டாவதுக்கு வச்ச பேரே 'இமிட்டேட்டர்'. நம்ம நாட்டு மீனை நம்ம பார்க்கிறதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல பார்த்தாங்க.

13/ "டாக்டர், எந்தப் பேத்தையா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதானே?" உண்மை. முன்னாடி படுத்திருக்கிற நோயாளிக்கு லத்தீன் பேர் தேவையில்லை, மூச்சு தேவை. பேர் தேவைப்படுறது அடுத்த நோயாளிக்கு. 2007-ல சிகாகோவுல 'மாங்க்ஃபிஷ்'னு லேபிள் ஒட்டின மீனைச் சூப் வச்சு ரெண்டு பேர் பாதிக்கப்பட்டாங்க. மிச்சமிருந்த மீனை டிஎன்ஏ பரிசோதனை பண்ணி அது பேத்தைன்னு கண்டுபிடிச்சதும் அந்தச் சரக்கைத் திரும்ப வாங்கினாங்க. ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான பேரோட ஒரு மாதிரி இல்லாம அந்தப் பரிசோதனைக்கு அர்த்தமே இல்லை.

14/ தாமிரபரணிக் கரைக்கு இது ரொம்பப் பொருந்தும். பொதிகையில பிறந்து புன்னைக்காயல்ல கலக்கிற ஆறு போய்ச் சேர்ற இடம் மன்னார் வளைகுடா, பவளப்பாறைக் கடல். கூத்தங்குழி, உவரிப் பாட்டிக்கு எது பேத்தைன்னு கண்ணை மூடிட்டுத் தெரியும். ஆனா தோல் உரிச்சு, தலை வெட்டி, துண்டு போட்டு மேற்க போற மீனுக்கு முகம் கிடையாது. அங்க அந்தப் பாட்டியும் கிடையாது.

15/ எமர்ஜென்சியில இன்னொரு குழப்பமும் வரும். கண் இமை தொங்குது, மூச்சு குறையுதுன்னா நம்ம பக்கம் முதல் சந்தேகம் கட்டுவிரியன். கடி அடையாளம் இல்லாமலும் வரும். பேத்தை விஷமும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும், ஆனா பாம்பு விஷமுறிவு மருந்து இதுக்கு வேலை செய்யாது. அதனால "கடைசியா என்ன சாப்பிட்டீங்க?"ங்கிற கேள்விக்கு வீட்டுல உள்ளவங்க சரியாப் பதில் சொல்றது பெரிய உதவி.

16/ என் கோரிக்கை மூணு. ஒண்ணு, விஷ மீன்னு சந்தேகம் வந்தா அரசு ஆஸ்பத்திரியில இருந்து அந்த மீன் துண்டு இனம் காணப் போறதுக்கு எழுதி வச்ச ஒரு வழி வேணும். தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி இருக்கு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மையம் இருக்கு. பக்கத்து மாவட்டம்தானே? ரெண்டு, வகைப்பாட்டியல் படிச்சவங்களுக்கு வேலை கொடுங்க. 1954-ல சைலஸ் பேர் வச்சதாலதான் 'தாம்பிரபர்ணியே'ங்கிற பேர்ல நம்ம ஆத்துக் கெண்டை ஒண்ணு உலகத்துக்கே தெரியும். மூணு, மீனவங்க சொல்ற பேர்களையும் அதோட சேர்த்து எழுதுங்க. அது லத்தீனுக்கு முன்னாடியே வந்த எச்சரிக்கைப் பலகை.

17/ பவளப்பாறை போச்சுன்னா இது எதுவுமே நடக்காது. 2010, 2016-ல மன்னார் வளைகுடாப் பவளங்கள் கடல் சூட்டுல வெளுத்துச்சு. பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுற இனத்துக்குக் கணக்கு கூட இருக்காது.

18/ கடைசியா வீட்டுக்கு: மீன் சாப்பிட்டு உதடு, நாக்கு மரத்தா "கொஞ்சம் பார்ப்போம்"னு படுக்காதீங்க. உப்புத்தண்ணி குடிச்சு வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108. மிச்ச மீன், தலை, தோல் எது இருந்தாலும் குப்பையில போடாம ஐஸ்ல வச்சு கையோட கொண்டு வாங்க, முடிஞ்சா போட்டோவும் எடுங்க. கூட சாப்பிட்டவங்க நல்லா இருந்தாலும் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. ஆளு அசையாம கிடந்தாலும் பக்கத்துல நின்னு "ஒண்ணுமில்ல, சரியாயிடும்"னு சொல்லிட்டே இருங்க. அவருக்குக் கேட்கும்.