அணைத்தால் மறந்துவிடும் கணினி

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயென அறிவிக்கப்பட்ட 2021-இல், ஹட்டனில் நண்பரொருவரின் பழைய கணினியில் அதைப்பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வன்தட்டு பழுது, லினக்ஸ் இறுவட்டிலிருந்தே கணினி இயங்கியது. இடி இடித்தது, மின்சாரம் போயிற்று, கட்டுரையும் போயிற்று.

இத்தகைய வட்டில் நாம் செய்வதெல்லாம் தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும். 2003-இல் பாரி கௌலர் தொடங்கிய பப்பி லினக்ஸ் இதற்கொரு வழி கண்டது. எழுதத்தக்க வட்டை முடித்து மூடாமல் விட்டு, ஒவ்வோர் அமர்வையும் எஞ்சிய இடத்தில் அடுத்தடுத்துப் பதியும். வட்டு நிறைந்தால் புதியது வேண்டும். ஆனால் முறைப்படி அணைக்கும்போதோ, இடையில் நாமே சேமிக்கும்போதோதான் பதியும். மின்வெட்டுக்கு அதுவும் தப்பாது.

கண்டியருகேயுள்ள மலையின் பெயர்சூடி ஹந்தானை லினக்ஸ் நம் நாட்டிலேயே வந்தபோது மகிழ்ந்தவன் நான். எனினும், தோட்டப் பள்ளிக்கு இலவச வட்டு கொடுத்தாலே போதும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. லயத்து வீட்டில் கணினியில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் கிடைப்பது அரைமணி நேரம். நேற்றைய வேலை இன்று இல்லையென்றால், அப்பிள்ளை தினமும் முதல்வரியிலிருந்தே தொடங்கும். வட்டோடு ஒரு பென் டிரைவும், அதில் சேமிக்கும் பயிற்சியும் சேர்த்தே கொடுங்கள்.

அன்றிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் கட்டுரையைக் கையால் மறுபடி எழுதினேன். இரண்டாம் பத்தி மட்டும் முன்போல் அமையவில்லை.